லேசர் பிளாஸ்மா ஸ்பெக்ட்ரோஸ்கோபி புதுசா ஆரம்பிக்கிறீங்களா? எதை எந்த வரிசையில பண்ணணும்

நானோசெகண்ட் லேசர் பல்ஸை ஒரு செம்புத் தகட்டுல ஃபோகஸ் பண்ணா டப்புன்னு சத்தத்தோட ஒரு பொறி வரும், அந்த வெளிச்சத்தை ஃபைபர் வழியா ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொண்டுபோய் உள்ள என்ன தனிமம் இருக்கு, எலக்ட்ரான் வெப்பநிலை என்ன, அடர்த்தி என்னன்னு சொல்லணும், மொத்த வேலையே இவ்ளோதான். லிப்ஸ்னு (LIBS, லேசர் இன்ட்யூஸ்டு பிரேக்டவுன் ஸ்பெக்ட்ரோஸ்கோபி) சொல்றதும் இதைத்தான். புதுசா சேர்ந்தவங்க முக்காவாசிப் பேர் சீக்கிரமே ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்துடுவாங்க, கொஞ்ச நாள்ல ஒரு வெப்பநிலையும் சொல்லிடுவாங்க. சிக்கலே அங்கதான். ஃபிட்டிங் சாஃப்ட்வேர்ல எந்தக் குப்பையைப் போட்டாலும் ஒரு நம்பர் வரும், 9,000 கெல்வின், 12,000 கெல்வின், எல்லாமே நம்பற மாதிரிதான் இருக்கும். அந்த நம்பர் நிக்குமா நிக்காதாங்கறது டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க என்னென்ன செஞ்சீங்கங்கறதைப் பொறுத்தது. இந்த முன்வேலையை எனக்கு யாரும் வரிசையா சொல்லித் தரல, அங்கங்க முட்டி மோதித்தான் கத்துக்கிட்டேன், அதனால உங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதிட்டேன்.

1. கருவியைத் தேடறதுக்கு முன்னாடி கேள்வியை முடிவு பண்ணுங்க

உங்களுக்கு வேணுங்கறது "இந்தக் கலவையில என்ன தனிமம் இருக்கு"ங்கறது மட்டும்னா ஒரு சின்ன ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டரே போதும். "எவ்வளவு இருக்கு"ன்னு கேட்டா, ஏற்கெனவே அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் சாம்பிள்கள் வேணும், அதுக்கான சான்றிதழோட. "பிளாஸ்மாவோட வெப்பநிலையும் அடர்த்தியும் நேரத்தோட எப்படி மாறுது"ன்னா கேட் (gate) பண்ணக்கூடிய, அதாவது சொன்ன நேரத்துல மட்டும் சட்டுனு திறந்து மூடற கேமரா இல்லாம முடியாது. இந்த மூணுக்கும் நடுவுல செலவு வித்தியாசம் பயங்கரமா இருக்கு, அதனால கைடுகிட்ட உக்காந்து ஒரே ஒரு கேள்வியை எழுதி வாங்கிக்கோங்க. "எல்லாம் பார்க்கலாம்"னு ஆரம்பிச்சா எதுவும் ஒழுங்கா வராது, இது நான் கண்ணால பார்த்தது.

2. பாதுகாப்புப் பேப்பர்கள், கண்ணாடி

இந்த வேலைக்கு வர்ற என்டி-யாக் லேசர் எல்லாமே கிளாஸ் 4. நேர் பீம் மட்டும் இல்ல, எங்கேயாவது பட்டுத் தெறிக்கிற வெளிச்சமே கண்ணைக் கெடுக்கும். அதுவும் 1064 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது, இமையை மூடக்கூட உங்களுக்குத் தோணாது.

தயார் பண்ண வேண்டிய பேப்பர்கள்: லேசர் பாதுகாப்புப் பயிற்சி முடிச்ச சான்றிதழ், இந்த செட்டப்புக்குன்னு தனியா எழுதின வேலை முறை ஷீட், ரூமுக்குள்ள போக அனுமதி உள்ளவங்க பட்டியல், நிறைய இடத்துல ஆரம்பக் கண் பரிசோதனை ரிப்போர்ட்டும் கேப்பாங்க. இதுக்கெல்லாம் கையெழுத்து வாங்க வாரக்கணக்குல இழுக்கும், அதனால லேசர் வந்து இறங்கற வரைக்கும் காத்திருக்காம முதல் நாளே ஆரம்பிச்சுடுங்க.

கண்ணாடி விஷயத்துல ஏமாற ஒரு பெரிய இடம் இருக்கு. 532-க்கு வாங்கின கண்ணாடி 1064-ஐத் தடுக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஃப்ரேம்லயோ லென்ஸ்லயோ அலைநீள வரம்பும் ஓடி (OD, எவ்வளவு தடுக்குதுங்கற அளவு) மதிப்பும் அச்சடிச்சிருக்கும், அதைப் படிங்க. ஓடி 6ன்னா பத்து லட்சத்துல ஒரு பங்குதான் உள்ள வரும்னு அர்த்தம். 532-ல வேலை பண்ணாலும், 1064-ஐ 532-ஆ மாத்தற கிரிஸ்டல்ல மாறாம மிஞ்சின 1064 கூடவே வரும், அதனால ரெண்டுக்கும் சேர்த்துத் தடுக்கற கண்ணாடியா வாங்குங்க. கைக்கடிகாரம், மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போங்க. அப்புறம் பிளாஸ்மா கிளப்பற புகையில நானோ துகள் இருக்கும், ஈயம், பெரிலியம் மாதிரி சாம்பிள்னா சொல்லவே வேணாம், உறிஞ்சற குழாய் ஒண்ணு பக்கத்துல ஓடணும்.

3. காசு எங்க போகும்

விலை இடத்துக்கு இடம் மாறும், ஆனா வரிசை பெரும்பாலும் மாறாது. ஐசிசிடிதான் (ICCD, வெளிச்சத்தைப் பெருக்கற இன்டென்சிஃபையர் வெச்ச, முன்னாடி சொன்ன கேட் கேமரா) பட்ஜெட்டை முழுங்கறது, பல சமயம் லேசரை விட அதிகம். அடுத்து லேசர், அப்புறம் ஸ்பெக்ட்ரோமீட்டர். லென்ஸ், மவுன்ட், ஃபைபர், காலிபரேஷன் விளக்கு எல்லாம் சில்லறைன்னு நினைச்சு லிஸ்ட்ல விட்டுடுவாங்க, கடைசியில எல்லாம் வந்து இறங்கின பிறகு ஒரு விளக்கு இல்லாம மாசக்கணக்கா செட்டப் சும்மா கிடக்கும். விளக்கை லேசரோட அதே ஆர்டர்லயே போடுங்க.

ஐசிசிடிக்குக் காசு இல்லன்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ட்ரிகர் வசதி உள்ள சின்ன சிசிடி ஸ்பெக்ட்ரோமீட்டர். அதுல தொடக்கத்தை மைக்ரோசெகண்ட் கணக்குல தள்ளி வைக்கலாம், ஆனா முடிவைக் கட்டுப்படுத்த முடியாது, எக்ஸ்போஷர் குறைஞ்சபட்சம் மில்லிசெகண்ட் அளவுல போகும், பிளாஸ்மா அதுக்குள்ள செத்தே போயிடும். தனிமம் கண்டுபிடிக்க இது போதும், வெப்பநிலையோட நேர மாற்றத்துக்குப் போதாது. ரெண்டாவது, மோனோகுரோமேட்டர், போட்டோமல்டிப்ளையர், ஆசிலோஸ்கோப். ஒரு நேரத்துல ஸ்பெக்ட்ரத்துல ஒரு கோடுதான் (ஒரு தனிமம் குறிப்பிட்ட அலைநீளத்துல விடற வெளிச்சம்) பார்க்க முடியும், பொறுமை வேணும், ஆனா ஒரு கோடு எப்போ பிறந்து எப்போ சாகுதுன்னு இதை விடத் தெளிவா எதுவும் காட்டாது. புதுசா வர்றவங்க ஒரு வாரமாவது இதுல கை வெச்சா நல்லதுங்கறது என் கட்சி.

கொட்டேஷன் வாங்கறப்போ எழுத்துல கேளுங்க: எந்த ஸ்லிட் (வெளிச்சம் நுழையற இடுக்கு) அகலத்துல, எந்த கிரேட்டிங்ல (வெளிச்சத்தை அலைநீளவாரியா பிரிக்கற தகடு), எந்த அலைநீளத்துல அந்த ரெசல்யூஷன்? கேமராவோட இன்சர்ஷன் டிலே (ட்ரிகர் சிக்னல் வந்து கேமரா நிஜமா திறக்கற வரைக்கும் ஆகற நேரம்) எவ்வளவு? ட்ரிகர் ஜிட்டர் (ஷாட்டுக்கு ஷாட் அந்த நேரம் ஆடற அளவு) எவ்வளவு? "ரெசல்யூஷன் 0.1 நானோமீட்டர்"னு வெறுமனே போட்டிருந்தா அது மிகச் சின்ன ஸ்லிட்ல எடுத்ததா இருக்கும், அந்த ஸ்லிட்ல உங்களுக்கு வெளிச்சமே வராது.

லென்ஸ் விஷயம் ஒரு வரி: சாதாரண பிகே7 கண்ணாடி 350 நானோமீட்டருக்குக் கீழ முழுங்க ஆரம்பிச்சுடும், உங்க முக்கியமான கோடுகள் பாதி அங்கதான் இருக்கு, ஃபியூஸ்டு சிலிகா கேளுங்க. 190-க்குக் கீழ காத்துல இருக்கற ஆக்ஸிஜனே தடுத்துடும், அது வேற கதை.

4. லேசரும் ஃபோகஸும்

லேசரை ஆன் பண்ணி 20, 30 நிமிஷம் சூடாக விடுங்க. அதுக்கு முன்னாடி எடுக்கற டேட்டால எனர்ஜி நகர்ந்துட்டே இருக்கும்.

எனர்ஜியை மாத்த ஃப்ளாஷ்லேம்ப் வோல்டேஜையோ க்யூ-ஸ்விட்ச் (லேசருக்குள்ள பல்ஸை வெளிய விடற வேகமான ஷட்டர்) டிலேயையோ திருகாதீங்க. திருகினா எனர்ஜியோட சேர்ந்து பீமோட வடிவம், பல்ஸ் அகலம், வெளிய வர்ற நேரம் எல்லாமே மாறும், அப்புறம் எது எதனால மாறுச்சுன்னு சொல்லவே முடியாது. லேசரை ஒரே நிலையில ஓட விட்டு, வெளிய ஒரு ஹாஃப்-வேவ் பிளேட்டும் போலரைசரும் வெச்சுக் குறைச்சுக்கோங்க. எனர்ஜி மீட்டரை லேசர் வாசல்ல வைக்காம எல்லா மிரர், லென்ஸும் தாண்டி சாம்பிள் பக்கத்துல வையுங்க, ஆனா ஃபோகஸ் புள்ளியில வெச்சா மீட்டரோட மேற்பரப்பே பொசுங்கிடும், பீம் அகலமா இருக்கற இடத்துல வையுங்க.

கணக்குக்கு ஒரு உதாரணம்: 50 மில்லிஜூல், 8 நானோசெகண்ட், 200 மைக்ரான் விட்டமுள்ள புள்ளி. வகுத்துப் பார்த்தா சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2×10¹⁰ வாட் வரும். உலோகத்துல பிளாஸ்மா வர 10⁸, 10⁹ போதும், அதனால இது தாராளம். ஆனா அந்த 200 மைக்ரானை எங்கேருந்து எடுத்தீங்கங்கறதுதான் கேள்வி. சூத்திரத்துல 10 சென்டிமீட்டர் லென்ஸும் 6 மில்லிமீட்டர் பீமும் போட்டா 20 மைக்ரான் சொச்சம் வரும், நிஜ பீம் அவ்வளவு சுத்தமா இருக்காது, பல மடங்கு பெருசாத்தான் விழும். புள்ளி பத்து மடங்கு மாறினா அடர்வு நூறு மடங்கு மாறுது. அதனால சுட்ட குழியை மைக்ரோஸ்கோப்ல அளந்து, "குழியோட விட்டம்"னு அப்படியே எழுதுங்க.

ஃபோகஸ் சாம்பிள் மேற்பரப்புக்குக் கொஞ்சம் உள்ள, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கீழ விழற மாதிரி வெச்சா நல்லது. சரியா மேற்பரப்புலயோ அதுக்கு மேலயோ வெச்சா காத்துலயே பிளாஸ்மா கிளம்பி பிரேக்டவுன் ஆகும், உங்க எனர்ஜி சாம்பிளுக்கே போய்ச் சேராது. சத்தத்துல கண்டுபிடிக்கலாம்: சாம்பிளை எடுத்த பிறகும் டப் டப்னு கேட்டா காத்து உடையுதுன்னு அர்த்தம்.

ஒரே இடத்துல சுட்டுட்டே இருந்தா குழி ஆழமாகி பிளாஸ்மா உள்ள மாட்டிக்கும், சிக்னல் மாறும். சாம்பிளை நகர்த்திட்டே இருங்க. புது இடத்துல முதல் சில ஷாட் மேற்பரப்பு அழுக்கை எடுக்கறதுக்குத்தான், அதைச் சேர்க்காதீங்க. விரல் பட்டிருந்தா சோடியம் 589-ம் கால்சியம் 393.37, 396.85-ம் பளிச்சுனு வந்து நிக்கும், "என் அலுமினியத்துல கால்சியம் இருக்கு"ன்னு சந்தோஷப்பட வேணாம்.

5. டைம் ஜீரோ

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

"டிலே 1 மைக்ரோசெகண்ட்"னு எல்லாரும் எழுதறாங்க. எதுலேருந்து 1 மைக்ரோசெகண்ட்? பிளாஸ்மா பிறந்த நேரத்துலேருந்து இருக்கணும். ஆனா கேமரா சாஃப்ட்வேர்ல தெரியற எண், ட்ரிகர் பல்ஸ் கேமராவுக்குள்ள வந்த நேரத்துலேருந்து. நடுவுல என்னென்ன இருக்குன்னு எண்ணுங்க: லேசர் எலக்ட்ரானிக்ஸ் க்யூ-ஸ்விட்ச் சிக்னல் குடுத்து நிஜமா லேசர் வெளிய வர்ற வரைக்கும் உள்ள தாமதம், பிஎன்சி கேபிள்ல மீட்டருக்கு சுமார் 5 நானோசெகண்ட், வெளிச்சம் காத்துல போக மீட்டருக்கு 3.3 நானோசெகண்ட், ஃபைபர்ல மீட்டருக்கு கிட்டத்தட்ட 5, கேமராவோட இன்சர்ஷன் டிலே பத்துக்கணக்குல நானோசெகண்ட். எல்லாம் சேர்ந்தா நூறு நானோசெகண்டைச் சுலபமா தாண்டும். 1 மைக்ரோசெகண்ட் டிலேன்னா இது பரவாயில்லன்னு தோணும், ஆனா 200 நானோசெகண்ட்ல அடர்த்தி எடுக்கறீங்கன்னா கதை மொத்தமா மாறிடும், ஏன்னா அந்த நேரத்துல பிளாஸ்மா ரொம்ப வேகமா மாறிட்டிருக்கு.

கண்டுபிடிக்கற வழி இதுதான். லேசர் 532-ன்னா, எனர்ஜியை நல்லாக் குறைச்சு பிளாஸ்மா வராத அளவுக்குக் கொண்டு வாங்க, ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னாடி நல்ல கனமான என்டி ஃபில்டர் (ND, வெளிச்சத்தைச் சீராக் குறைக்கற ஃபில்டர்) போடுங்க, கேமரா கெயின் அடிமட்டத்துல, கேட் அகலம் 5 நானோசெகண்ட். சாம்பிள்ல பட்டுச் சிதறின லேசர் வெளிச்சம் எந்த டிலேல தெரியுதுன்னு ரெண்டு ரெண்டு நானோசெகண்டா நகர்த்திப் பாருங்க. உச்சம் எங்க வருதோ அதுதான் உங்க ஜீரோ. ஃபில்டர் இல்லாம இதைப் பண்ணீங்கன்னா இன்டென்சிஃபையர் போயிடும், அதுக்கு வாரன்ட்டி எல்லாம் கிடையாது. லேசர் 1064-ன்னா பெரும்பாலான இன்டென்சிஃபையருக்கு அது தெரியவே தெரியாது, அப்போ பிளாஸ்மாவோட கன்டினுவம் (கோடு கோடா இல்லாத பரந்த வெளிச்சம்) முதல்ல தலைகாட்டற நேரத்தை ஜீரோவா வெச்சுக்கோங்க. கூடவே ஒரு வேகமான சிலிக்கான் போட்டோடயோடை ஆசிலோஸ்கோப்ல மாட்டி எப்பவும் ஓட விடுங்க, ஜீரோ நகர்ந்தா அதுல உடனே தெரியும்.

கேபிளை மாத்தினா, ஃபைபரை மாத்தினா, டிலே ஜெனரேட்டரை வேற சேனல்ல சொருகினா ஜீரோவை மறுபடி எடுங்க. அரை மணி நேர வேலை. லேப்ல யாரோ உங்க கேபிளை எடுத்துட்டு வேற நீளத்துல ஒண்ணை வெச்சுட்டுப் போவாங்க, எல்லா லேப்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார்.

6. டிலேயும் கேட்டும் தேர்ந்தெடுக்கறது

முதல் நூறு, இருநூறு நானோசெகண்டுக்கு கன்டினுவம்தான், எலக்ட்ரான்கள் அயனிகளோட மோதறதாலயும் சேர்றதாலயும் வர்ற பரந்த வெளிச்சம், கோடு எல்லாம் அதுல மூழ்கியிருக்கும். அப்புறம் அயனிக் கோடுகள், அது மங்க மங்க நடுநிலை அணுக் கோடுகள், பத்து மைக்ரோசெகண்ட் பக்கத்துலயும் அதைத் தாண்டியும் மூலக்கூறு பட்டைகள்: கார்பன் சாம்பிளைக் காத்துல சுட்டா சிஎன் 388.3, அலுமினியம்னா அலுமினியம் ஆக்ஸைடு 484 பக்கம்.

காத்துல உலோகம்னா டிலே 1 மைக்ரோசெகண்ட், கேட் 1 மைக்ரோசெகண்ட் வெச்சு ஆரம்பிங்க, மோசம் போகாது. ஆனா கேட் அகலம் டிலேயை விட ரொம்பப் பெருசா இருந்தா நீங்க பார்க்கறது ஒரு வெப்பநிலை இல்ல, பலது கலந்த சராசரி. 500 நானோசெகண்ட் டிலேல 10 மைக்ரோசெகண்ட் கேட் வெச்சு எடுத்து அதுக்கு ஒரே வெப்பநிலை சொல்லியிருந்தா, உங்க பேப்பரைப் பரிசீலிக்கற ரெஃபரி முதல்ல அங்கதான் கை வைப்பார்.

7. காலிபரேஷன் ரெண்டு வகை, ரெண்டுமே வேணும்

அலைநீளத்துக்கு பாதரசம்-ஆர்கான் விளக்கு. பாதரசத்துல 253.65, 313.16, 365.02, 404.66, 435.83, 546.07, ஆர்கான்ல 696.54, 750.39, 763.51, 811.53, இதெல்லாம் மனப்பாடமே ஆயிடும். தினமும் காலையில எடுங்க, ரூம் சூடு மாறினாலே கிரேட்டிங் நகரும். அதே ஸ்பெக்ட்ரத்துல இன்னொரு லாபமும் இருக்கு: அந்தக் கோடுகள் இயல்பாவே ரொம்ப ஒல்லி, அதனால உங்களுக்குத் தெரியற அகலம் மொத்தமும் கருவியோட அகலம். அடர்த்தி கணக்குல இது கட்டாயம் வேணும், அதனால டேட்டா எடுக்கற அதே ஸ்லிட்லயே விளக்கையும் எடுங்க. ஸ்லிட்டை மாத்திட்டு பழைய அகலத்தைப் பயன்படுத்தறது ரொம்பச் சகஜமான தப்பு.

இன்டென்சிட்டிக்கு டியூட்டீரியம், டங்ஸ்டன்-ஹாலஜன் விளக்கு. கிரேட்டிங், ஃபைபர், கேமரா மூணுமே அலைநீளத்துக்குத் தகுந்த மாதிரி வேற வேற அளவு வெளிச்சத்தைக் கடத்துது, 300-ல இருக்கற கோட்டையும் 520-ல இருக்கற கோட்டையும் திருத்தாம ஒப்பிட்டா வர்ற வெப்பநிலைக்கு அர்த்தமே கிடையாது. விளக்கோட வர்ற சான்றிதழைப் பத்திரமா வையுங்க, அதுல எத்தனை மணி நேரம் எரிச்ச பிறகு மறுபடி காலிபரேட் பண்ணணும்னு போட்டிருக்கும், அதனால எரிச்ச நேரத்தை ஒரு நோட்டுல குறிச்சிட்டே வாங்க. டேபிள் லேம்ப் மாதிரி சும்மா எரிய விடாதீங்க, ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி 20, 30 நிமிஷம் எரிஞ்சாத்தான் நிலைக்கு வரும். விளக்கோட வெளிச்சம் பிளாஸ்மா இருந்த அதே இடத்துலேருந்து அதே ஆப்டிக்ஸ் வழியா உள்ள வரணும், நேரா ஃபைபர் மூக்குல ஒட்ட வெச்சா லென்ஸோட பங்கு விட்டுப் போயிடும்.

இதோட ஏமாற இன்னொரு இடம்: இரண்டாம் ஆர்டர், அதாவது கிரேட்டிங் ஒரு அலைநீளத்தை அதோட ரெட்டிப்பு அலைநீளம் விழற இடத்துலயும் காட்டறது. மெக்னீசியத்தோட 279.55, 280.27 கோடுகள் அப்படியே ரெட்டிப்பாகி 559.1, 560.5 பக்கத்துல பேயா வந்து நிக்கும், அந்த இடத்துல எந்தத் தனிமத்தைத் தேடினாலும் சரியாப் பொருந்தாது. பார்க்கற வரம்புக்குத் தகுந்த லாங்-பாஸ் ஃபில்டர் ஒண்ணு போட்டா மறைஞ்சுடும், மறையலன்னா நிஜக் கோடு.

சேம்பருக்குள்ள வேலை பண்றவங்களுக்கு: ஜன்னல் கண்ணாடி மேல உலோகம் படிஞ்சுட்டே வரும், சாயங்காலம் சிக்னல் குறைஞ்சா பிளாஸ்மா மேல பழி போடாதீங்க, ஜன்னலைத் துடைச்சுப் பாருங்க. படிவு புற ஊதாவைத்தான் முதல்ல சாப்பிடும், அதனால காலைல எடுத்த இன்டென்சிட்டி காலிபரேஷன் சாயங்காலம் செல்லாது.

8. கோட்டுக்குப் பேர் வைக்கறது

அமெரிக்காவோட நிஸ்ட் நிறுவனம் வெச்சிருக்கற அணு நிறமாலை டேட்டாபேஸ் இலவசம், அதுல லிப்ஸுக்குன்னே தனி பக்கம் இருக்கு, வெப்பநிலை, அடர்த்தி, கலவை குடுத்தா மாதிரி ஸ்பெக்ட்ரம் வரைஞ்சு காட்டும். 200 முதல் 2000 நானோமீட்டர் வரைக்கும் காத்துல உள்ள அலைநீளமாத்தான் அது வழக்கமா காட்டும், நீங்க வேக்கூம் எண்ணை எடுத்துட்டு ஏன் கோடு தள்ளி நிக்குதுன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க.

விதி ஒண்ணுதான்: ஒரே ஒரு கோட்டை வெச்சு ஒரு தனிமம் இருக்குன்னு சொல்லாதீங்க. அதோட வலுவான மத்த கோடுகளும் இருக்கணும். அலுமினியம் 396.15-ம் கால்சியம் அயனி 396.85-ம் சின்ன ஸ்பெக்ட்ரோமீட்டர்ல ஒட்டிக்கிட்டு ஒரே கூம்பு மாதிரி தெரியும், அப்போ 394.40-ல அலுமினியத்தோட ஜோடி இருக்கா, 393.37-ல கால்சியத்தோட ஜோடி இருக்கான்னு பாருங்க, தீர்ப்பு அங்க கிடைக்கும்.

டேபிள்ல ஒவ்வொரு கோட்டுக்கும் ட்ரான்ஸிஷன் ப்ராபபிலிட்டி (அணு எவ்வளவு சுலபமா அந்தக் கோட்டை வெளிய விடும்ங்கற எண்) பக்கத்துல ஒரு எழுத்து இருக்கும். ஏ-ன்னா பிழை 3 சதவீதத்துக்குள்ள, பி 10-க்குள்ள, சி 25-க்குள்ள, டி 50-க்குள்ள, இ-ன்னா 50-க்கு மேல. டி, இ கோடுகளை எடுத்து வெப்பநிலை போட்டுட்டு பிழை 5 சதவீதம்னு எழுதறவங்களும் இருக்காங்க.

9. செல்ஃப் அப்சார்ப்ஷன் சோதனை, இது இல்லாம அடுத்த படிக்குப் போகாதீங்க

பிளாஸ்மாவோட நடுப்பகுதி சூடு, ஓரம் குளிர்ச்சி. நடுவுல வந்த வெளிச்சத்தை ஓரத்துல இருக்கற அதே அணுக்கள் முழுங்கிடும். அடிமட்ட நிலைக்கு வந்து முடியற கோடுகள் தான் அதிகம் அடிபடும். சுத்தமான செம்புல 324.75, 327.40 ரெண்டையும் பாருங்க, சில சமயம் உச்சியில நடுவுல குழி விழுந்து ரெண்டு கோடு மாதிரி தெரியும். அது ரெண்டு கோடு இல்ல, ஒரே கோட்டோட நடு வயிறு காணாமப் போனது.

குழி விழலன்னா பிரச்சனை இல்லன்னு அர்த்தம் கிடையாது. எண்ணால சோதிங்க. சோடியம் 589.0-க்கும் 589.6-க்கும் விகிதம் 2 வரணும், 1.3, 1.2-ன்னு வந்தா முழுங்குது. செம்புல 521.82-ம் 515.32-ம் கிட்டத்தட்ட ஒரே மேல் எனர்ஜி நிலையிலேருந்து வருது, அதனால வெப்பநிலை என்னவா இருந்தாலும் விகிதம் சுமார் 1.85 இருக்கணும். இல்லன்னா ஒண்ணு முழுங்குது, இல்ல உங்க இன்டென்சிட்டி காலிபரேஷன் தப்பு. ரெண்டு நிமிஷ சோதனை, அதுக்கு மேல செய்யப்போற எல்லாத்தையும் காப்பாத்தும்.

10. வெப்பநிலை

போல்ட்ஸ்மேன் ப்ளாட். இன்டென்சிட்டியை அலைநீளத்தால பெருக்கி, ஸ்டாட்டிஸ்டிகல் வெயிட்டாலயும் (மேல் நிலைக்குள்ள எத்தனை உப நிலைங்கற எண்) ட்ரான்ஸிஷன் ப்ராபபிலிட்டியாலயும் வகுத்து, லாக் எடுத்து, மேல் நிலை எனர்ஜிக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரணும், அதோட சாய்வுலேருந்து வெப்பநிலை. இன்டென்சிட்டின்னா உச்சி உயரம் இல்ல, பின்னணியைக் கழிச்ச பிறகு கோட்டுக்குக் கீழ உள்ள மொத்தப் பரப்பு. 1 எலக்ட்ரான் வோல்ட்னா சுமார் 11,600 கெல்வின்.

எத்தனை கோடு எடுத்தீங்கங்கறதை விட எனர்ஜி எவ்வளவு விரிஞ்சிருக்குங்கறதுதான் முக்கியம். செம்புல 510.55, 515.32, 521.82 மூணையும் எடுத்து "மூணு புள்ளி"ன்னு சொல்லுவாங்க, ஆனா மேல் நிலை 510.55-க்கு 3.82 எலக்ட்ரான் வோல்ட், மத்த ரெண்டுக்கும் 6.19, ஆக நிஜத்துல ரெண்டே புள்ளி. 465.11-ம் 529.25-ம் சேர்த்தா 7.74 வரைக்கும் போகும், கோடு நிமிர்ந்து நிக்கும். கணக்கு பாருங்க: வெப்பநிலை 1 எலக்ட்ரான் வோல்ட்னு வைங்க, எனர்ஜி வித்தியாசம் 2.4-ன்னா விகிதத்துல 20 சதவீதப் பிழை வெப்பநிலையில 8 சதவீதமா வரும். வித்தியாசம் 0.5-ன்னா அதே 20 சதவீதம் 40-ஆ வந்து உக்காரும்.

11. எலக்ட்ரான் அடர்த்தி

ஸ்டார்க் அகலம்தான் வழி, அதாவது சுத்தி இருக்கற எலக்ட்ரான், அயனிகளோட மின்புலத்தால கோடு விரியற அளவு. காத்துல ஈரம் இருக்கறதால ஹைட்ரஜனோட 656.28 கோடு பெரும்பாலும் தானாவே வரும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ இருந்தா அதோட அகலம் அரை நானோமீட்டர் முதல் ஒரு நானோமீட்டர் வரிசையில இருக்கும், 486.13 கோடுன்னா கிட்டத்தட்ட 5 நானோமீட்டருக்கு விரிஞ்சு கிடக்கும். 486 பார்க்க கஷ்டம், பக்கத்துக் கோடுகள் மேல ஏறும், 656 சுலபம். கார்பன் சாம்பிள்னா 657.8-ல கார்பன் அயனி வந்து தோள்ல உக்காரும், அதைத் தனியா ஃபிட் பண்ணுங்க.

அளந்த அகலத்துலேருந்து கருவி அகலத்தைக் கழிக்கணும். ரெண்டும் லோரன்ட்ஸ் வடிவம்னா நேரா கழிக்கலாம், கருவி காஸியன்னா வாய்ட் ஃபிட் (ரெண்டு வடிவமும் கலந்த ஃபிட்) போடணும். சூத்திரம் எடுக்கற பேப்பர்ல அது பாதி உயரத்துல உள்ள அகலமா, பாதிப் பரப்புக்கான அகலமான்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல, முழு அகலமா அரை அகலமாங்கறதையும் சேர்த்துப் பாருங்க.

போல்ட்ஸ்மேன் ப்ளாட் செல்லணும்னா பிளாஸ்மா சமநிலையில இருக்கணும், அதுக்குத் தேவையான குறைஞ்சபட்ச அடர்த்தியைச் சொல்றது மெக்விர்ட்டர் நிபந்தனை, அடர்த்தி வந்ததும் அதைப் போட்டுப் பாருங்க: 1.6×10¹², அதை வெப்பநிலையோட வர்க்கமூலத்தால, எனர்ஜி இடைவெளியோட கனத்தால பெருக்கணும். 10,000 கெல்வின், 4 எலக்ட்ரான் வோல்ட்னா சுமார் 10¹⁶ வரும். உங்க அடர்த்தி அதுக்குக் கீழன்னா போல்ட்ஸ்மேன் ப்ளாட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மேல இருந்தா மட்டும் சமநிலை நிரூபணம் ஆயிடாது, பிளாஸ்மா அவ்வளவு வேகமா மாறுது, ஆனா குறைஞ்சபட்சம் வாசலைத் தாண்டியாச்சு.

12. ஒவ்வொரு ஃபைலோடயும் எழுதி வைக்க வேண்டியது

எழுதற நேரத்துலதான் தெரியும் எதைக் குறிக்காம விட்டோம்னு. ஃபைல் பேர்லயே போட முடிஞ்சா போடுங்க: லேசர் அலைநீளம், சாம்பிள்கிட்ட அளந்த எனர்ஜி, டைம் ஜீரோ எடுத்த தேதி, டிலே, கேட், கெயின், ஸ்லிட், கிரேட்டிங், எத்தனை ஷாட் சராசரி, முன்னாடி எத்தனை ஷாட் தள்ளினது, காத்தா ஆர்கானா, எவ்வளவு அழுத்தம். லேசர் சுடாம எடுத்த இருட்டு ஸ்பெக்ட்ரமும் அதே செட்டிங்ல அதே ஃபோல்டர்ல இருக்கணும். சராசரியை மட்டும் சேமிக்காதீங்க, தனித்தனி ஷாட்டையும் வையுங்க, இடம் கொஞ்சம் பிடிக்கும் அவ்வளவுதான், ஷாட்டுக்கு ஷாட் எவ்வளவு ஆடுதுன்னு ரெஃபரி கேப்பார், அப்போ மறுபடி எடுக்க முடியாது.

லேசரோட ஷாட் கவுன்ட்டரையும் தினமும் குறிங்க. 10 ஹெர்ட்ஸ்ல ஓடினா மணிக்கு 36,000 ஷாட், 280 மணி நேரத்துக்குள்ள ஒரு கோடி தாண்டும், ஃப்ளாஷ்லேம்ப் ஆயுளே கோடிக் கணக்குலதான். டீக்குப் போறப்போ சும்மா சுட்டுட்டிருக்க விடாதீங்க. மாத்து லேம்ப் வந்து சேர வாரக்கணக்கா ஆகும், அதனால ஆயுள்ல முக்கால்வாசி ஓடினதும் ஆர்டர் போட்டுடுங்க, கூலிங் தண்ணி மாத்தற தேதியையும் அதே நோட்டுலயே எழுதி வெச்சுக்கோங்க.